திரை பிடிக்கிறவன்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், மாவு மில்லுக்கு மேலே கூத்து ஏஜெண்டின் மாடி அறை. மூன்று சுவரிலும் நோட்டீஸ். கிரீடம் வைத்த முகங்கள், உருட்டி விழித்த கண்கள், அடியில் நாடக மன்றத்தின் பெயர், ஊர், செல் நம்பர். மேசையில் ஒரு டைரி விரித்துக் கிடக்கிறது. ஏப்ரல், மே பக்கங்களில் தேதிக்கு நேரே ஊர்ப் பெயர்களை நெருக்கி எழுதி, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஆடி முடிகிற இடத்தில் டைரி வெள்ளையாகிவிடுகிறது. இந்தப் பக்கத்துக் கூத்துக்காரர்களின் வருஷம் அவ்வளவுதான்.

பெஞ்சில் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய். திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கூத்து பேச வந்தவர்கள். பகலில் பாரதம் படிப்பவர் கதை சொல்ல, அதே கதையை ராத்திரியில் வேஷம் கட்டி ஆட, கடைசி நாள் காலையில் மண்ணில் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடத்தி, சாயந்திரம் தீ மிதிப்பது இங்கே வழக்கம். செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலை இந்த வழிபாட்டின் தாய்க்கோயிலாகச் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்ட்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் இதற்காகவே செஞ்சிச் சீமையைச் சுற்றித் திரிந்து, 1988இல் பெரிய புத்தகமாகவே போட்டார்.

பெஞ்சுக்காரர்களுக்கு அந்தப் புத்தகம் தேவையில்லை. எந்த ராத்திரி எந்தக் கூத்து என்று அவர்களுக்கு மனப்பாடம். வில்வளைப்பில் தொடங்கிப் பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று விரல் மடக்குகிறார் பெரியவர். மடக்கிக்கொண்டே கேட்கிறார்:

“அர்ச்சுனன் தபசுக்கு அதே ஆளுதான? போன வருசம் மரம் ஏறினாரே, அவரு?”

“அவரேதாங்க.”

“பொன்னுருவி?”

“விழுப்புரத்துல டெய்லர் கடை வெச்சிருக்காரே, அவரு.”

“அப்பச் சரி. வேற யாரயாச்சும் இட்டாந்தா பொம்பளைங்க எங்களத் திட்டுவாங்க.”

தட்டு கை மாறுகிறது. அட்வான்ஸ் எண்ணப்படுகிறது. புதிதாக யாராவது உண்டா என்று பெரியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெஞ்சின் கோடியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். தாடியை ஒழுங்காகக் கத்தரித்திருக்கிறான். செல்போனின் கண்ணாடியில் கீறல். வந்ததிலிருந்து மூன்று சுவரையும் மாறி மாறிப் பார்க்கிறான். அந்தப் படங்களில் தன் முகத்தை ஒட்டிப் பார்க்கிறானோ என்று தோன்றியது.

வாத்தியார் படியேறி வருகிறார். அறுபதைத் தாண்டிய மனிதர். பின்னால் முடிந்த நரைத்த முடி, வெற்றிலைச் சிவப்பு உதடு. ஏஜெண்டு கைகாட்டுகிறார்: “இந்தத் தம்பிதாங்க, நடிக்கணும்னு காலையிலேர்ந்து உக்காந்துக்கினு இருக்குது.”

வாத்தியார் பையனின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்க்கிறார்.

“இன்னா படிச்சிருக்க?”

“பி.காம்.ங்க ஐயா. இங்கதான், கோவிந்தசாமி காலேஜ்ல.”

“பாட்டு வருமா?”

“சினிமாப் பாட்டு பாடுவேன்.”

“தாளம்?”

பையன் பேசவில்லை.

“ராத்திரி முழிப்பியா?”

“முழிப்பேங்க. போன் பாத்துக்கினு ரெண்டு, மூணு மணி வரைக்கும்…”

மூலையில் சுவரில் சாய்ந்திருந்த மிருதங்கக்காரர் சிரித்துவிடுகிறார். வாத்தியார் சிரிக்கவில்லை. “மூணு மணிக்குத்தான் கர்ணனுக்குச் சண்டையே ஆரம்பிக்கும். கீழ வண்டி நிக்குது. ஏறு.”

அதுதான் நேர்முகத் தேர்வு.

*

சின்ன யானை என்று எல்லாரும் சொல்கிற டாட்டா ஏஸ். மிருதங்கக்காரருக்குத் தெரிந்தவன் என்பதால் எனக்கும் ஒரு மூலை கிடைத்தது. நான் யார் என்று யாரும் கேட்கவில்லை. கூத்து வண்டியில் எப்போதும் இப்படிச் சும்மா வருகிற ஆள் ஒன்றிரண்டு இருக்கும்.

அன்று ராத்திரிக் கர்ண மோட்சத்துக்காக வண்டி நெடுஞ்சாலையில் தெற்கே ஓடுகிறது. கூட்டேரிப்பட்டில் கட்டியங்காரன் ஏறுகிறார், கையில் சாத்துக்குடிப் பை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி அர்ச்சுனன் ஏறுகிறார். சட்டையில் சிமெண்டுத் தூள். கொத்தனார் வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறார். விழுப்புரத்தில் ஜங்ஷன் பக்கம் வண்டி நிற்கிறது. ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிப் பூட்டிவிட்டுக் கர்ணன் வருகிறார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்தபடி பொன்னுருவி வருகிறார். பின்னால் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி வருகிறார்கள். மரப்பெட்டி, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. அது ஏறும்போது மட்டும் எல்லாரும் எழுந்து நகர்ந்து இடம் விடுகிறார்கள். பையன் அதன்மேல் உட்காரப் போக, நாலு கை ஒரே நேரத்தில் அவனைத் தடுக்கின்றன.

“அதும்மேல உக்காரக் கூடாது. தாண்டவும் கூடாது. சாமி.”

பையன் கூசிப்போய் டயர்மேல் உட்கார்கிறான். பேச்சை மாற்ற வேண்டுமே என்று, “இதான சிவாஜி சார் பொறந்த ஊரு?” என்கிறான்.

“ஆமாம்” என்கிறார் பொன்னுருவி. “அவரு மொதமொதல்ல போட்டது இன்னா வேசம் தெரியுமா? சீதை. நானும் பொம்பள வேசந்தான். அவரு அங்கேருந்து கட்டபொம்மனுக்குப் போனாரு. நான் அங்கேருந்து தையல் மிசினுக்குப் போனேன்.”

சொன்னது சரிதான். 1928 அக்டோபர் 1 அன்று பிறந்த கணேசன், திருச்சியில் சிறுவனாக இருந்தபோது கட்டபொம்மன் கூத்து பார்த்துத்தான் நடிப்பு ஆசை பிடித்தது என்று தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பெண் வேஷங்களில் தொடங்கினார். ‘பராசக்தி’ வந்தது 1952இல். அதற்கு முன்னால் ஊர் ஊராக மேடை. சிறுவயதில் பார்த்த அந்தக் கட்டபொம்மனைத் திரையில் போட்டது 1959இல். மறுவருஷம் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது. பையன் தேடுவது இந்தக் கதையின் முதல் பக்கத்தை. ஊருக்குத் தெரிந்ததோ கடைசிப் பக்கம்.

செஞ்சி சாலையில் திரும்பியதும் காற்று வருகிறது. பையனுக்குத் தைரியம் வருகிறது. சென்னையில் ஓர் ஆபீசில் பணம் கட்டிய கதையைச் சொல்கிறான். போர்ட்ஃபோலியோ எடுக்க வேண்டும், ஆடிஷனுக்குப் பதிய வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். பத்துப் படம் எடுத்துக் கொடுத்தார்கள். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவில்லை.

“எவ்ளோ?” என்கிறார் கர்ணன்.

தொகையைச் சொல்கிறான். வண்டியில் யாரும் பேசவில்லை. மிருதங்கக்காரர் கணக்குப் போட்டு முடித்துவிட்டுச் சொல்கிறார்: “அந்தக் காசுக்கு ரெண்டு மிருதங்கம் புதுசா மூட்டியிருக்கலாம்.”

“படத்தக் காட்டு” என்கிறார் பொன்னுருவி. செல்போன் கை மாறிப் போகிறது. கறுப்புக் கண்ணாடி, சுவரில் சாய்ந்த கால், மார்பில் கட்டிய கை. “நல்லாத்தான் இருக்குது. ஆனா எல்லாத்துலயும் நின்னுக்கினே இருக்கியே. ஒரு வேலையும் செய்யலயே.”

பையன் போனை வாங்கிக்கொள்கிறான். கொஞ்ச நேரம் கழித்து, வந்ததிலிருந்து நெஞ்சில் வைத்திருந்த கேள்வியைக் கேட்கிறான். “நீங்கள்லாம் எப்படி ஆரம்பிச்சீங்க?”

முதலில் அர்ச்சுனன். “எங்கப்பாரு துச்சாதனன் போடுவாரு. ஒரு நாள் ராத்திரி குடிச்சிட்டு எங்கயோ படுத்துட்டாரு. களரியில திரௌபதி நின்னுக்கினு இருக்கா, இழுக்க ஆளில்ல. எனக்குப் பதினாலு வயசு. கிரீடம் தலையில நிக்கல, உள்ள துணிய வெச்சி அடைச்சி அனுப்பினாங்க.”

“எனக்கு அம்மை” என்கிறார் பொன்னுருவி. “எனக்கில்ல, சுபத்திரை போடுறவருக்கு. நான் அப்பப் பெட்டி தூக்குறவன். மூணு வருசமா தெனம் கேட்ட பாட்டு. வாத்தியாரு ‘பாடுவியா’ன்னாரு.”

“மாமாவுக்கு பஸ்ஸு தப்பிடிச்சி” என்கிறார் கர்ணன். வேறு விளக்கம் தரவில்லை.

பையன் கட்டியங்காரனைப் பார்க்கிறான். அவர் சாத்துக்குடித் தோலை வெளியே வீசிவிட்டு, “என் விசயத்துல எல்லாரும் கரெக்டா வந்துட்டாங்க. அதனாலதான் நான் இன்னும் கோமாளி” என்கிறார். வண்டி முழுக்கச் சிரிப்பு. பையனும் சிரிக்கிறான். கேட்டதற்குப் பதில் கிடைத்ததா என்று அவன் முகத்தில் தெரியவில்லை.

*

அறுவடை முடிந்த கழனியை ஒட்டி அம்மன் கோயில். எதிரே மண்ணைத் தட்டித் தண்ணீர் தெளித்த களரி. மேளக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு. நாலு கம்பத்தில் எல்.இ.டி. விளக்கு. முன்பு காஸ் லைட்டு, அதற்கும் முன்னால் தீப்பந்தம் என்கிறார் முகவீணைக்காரர். அவரோடு, பள்ளிக்கூட லீவுக்கு வந்த பேரன். வந்ததும் ஒரு பழைய சேலையை விரித்துத் தூங்கிப்போகிறான்.

பள்ளிக்கூடத் தாழ்வாரம்தான் வேஷம் கட்டுகிற இடம். பெட்டிக்குக் கற்பூரம் காட்டித் திறக்கிறார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஒவ்வொன்றாகத் துணி பிரிந்து வெளியே வருகின்றன. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. ஜிகினாவும் கண்ணாடித் துண்டும் ஒட்டியவை. பையனிடம் ஒரு கிரீடத்தைக் கொடுக்கிறார்கள். பெரும் பாரம் என்று நினைத்து இரண்டு கையாலும் தாங்கியவன், அதன் லேசைக் கண்டு திகைக்கிறான்.

“இப்ப லேசாத்தான் இருக்கும். விடியக்காலம் சொல்லு” என்கிறார் கர்ணன்.

பெட்டி மூடியில் ஒரு கையகலக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக் கர்ணன் சம்மணம் போட்டு உட்கார்கிறார். உள்ளங்கையில் தேங்காயெண்ணெய், அதில் பொடியைக் குழைக்கிறார். நெற்றியிலிருந்து கீழே இழுக்கிறார். இழுத்துக்கொண்டே அர்ச்சுனனிடம் ஆட்டோவுக்கு எஃப்.சி. காட்ட வேண்டிய தேதி நெருங்கிவிட்டதைப் பற்றிப் பேசுகிறார். ஒரு கன்னம் முடிகிறது. பிரேக் டிரம் மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொரு கன்னம், பெரிய பெண்ணுக்குக் காலேஜ் பீஸ். ஈர்க்குச்சியால் புருவத்துக்கு மேல் வெள்ளைப் புள்ளிகள் வைக்கும்போது பேச்சு குறைகிறது. மீசையை மையால் வளைத்து மேலே ஏற்றும்போது நின்றுவிடுகிறது. அப்புறம் அவரிடம் யாரும் ஆட்டோ பற்றிப் பேசவில்லை.

பாவாடை கட்டுகிற வேலை பையனுக்கு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பழைய சேலைகளைச் சுற்றி, இடுப்பில் கயிற்றை இறுக்க வேண்டும். பையன் மரியாதையாக இழுக்கிறான்.

“இறுக்கு.”

இன்னும் கொஞ்சம் இழுக்கிறான்.

“வலிக்குமேன்னு பாக்காத. அவுந்தா எனக்கு அவமானம். கட்டினவன் யாருன்னு கேட்டா உனக்கு. முட்டிய முதுகுல வெச்சி இழு.”

முட்டியை முதுகில் வைத்து இழுக்கிறான். கர்ணன் மூச்சை உள்ளே வாங்கித் தலையை ஆட்டுகிறார். சலங்கையைக் கண்ணில் ஒற்றிக் காலில் கட்டிக்கொள்கிறார். பக்கத்தில் பொன்னுருவி, அளவு நாடாவைக் கழற்றிய கழுத்தில் பாசிமணி போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் தைத்த ரவிக்கை அவருக்கு அச்சாகப் பொருந்தியிருக்கிறது.

“நடிப்பு எப்ப சொல்லித் தருவாங்க?” என்று மெதுவாக அவரிடம் கேட்கிறான் பையன்.

“கயிறு இறுக்கக் கத்துக்கினல்ல? அதான் சொல்லித் தந்துக்கினு இருக்காங்க.”

*

பத்தரை மணிக்குக் களரி கட்டுகிறார்கள். மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் தாளமும் ஒன்றாக எழும்ப, வீட்டுத் திண்ணைகளிலிருந்து பாயும் தலையணையுமாக ஜனம் வந்து சேர்கிறது. கட்டியங்காரன் வந்து பஞ்சாயத்துத் தெருவிளக்கு எரியாததைப் பற்றி நாலு வார்த்தை பேசிச் சிரிக்க வைக்கிறார். ஒரு பெரியவர் அன்பளிப்புக் கொடுக்க, அவர் பேரனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று அம்மனிடம் ஒலிபெருக்கியில் விண்ணப்பம் போகிறது.

வாத்தியார் ஆர்மோனியத்தின் பின்னாலிருந்து கை காட்டுகிறார். திரை பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை பெட்டி தூக்குகிறவர் கையில். மறுமுனை பையன் கையில்.

நகரத்து மேடையில் திரை என்பது கயிற்றில் ஓடுகிற துணி. இங்கே அதை மனிதர்கள் பிடிக்கிறார்கள். வேஷக்காரன் அதன் பின்னால் நின்று விருத்தம் பாடுகிறான். ஜனத்துக்குக் கிரீடத்தின் நுனியும் சலங்கைக் காலும் மட்டும் தெரியும். துணியைப் பற்றி உலுக்குவான், முகத்தைப் பாதி காட்டி மறைப்பான், முன்னால் வருவதுபோல் வந்து பின்வாங்குவான். பார்க்கிறவனின் பொறுமை தீரும் நேரத்தில் திரை விலகும். எப்போது தூக்குவது, எப்போது தாழ்த்துவது, எப்போது விலக்கிக்கொண்டு ஓடுவது என்று யாரும் சைகை காட்ட மாட்டார்கள். எல்லாம் பாட்டில் இருக்கிறது.

பையனுக்குப் பாட்டு தெரியாது. அதனால் அவன் கர்ணனைப் பார்க்கிறான். அந்த இடத்திலிருந்து பார்க்க அவனுக்கும் மறுமுனைக்காரருக்கும் மட்டுமே கொடுத்து வைத்திருக்கிறது. ஊரே துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒரு முழ தூரத்தில் முழு மனிதன். பாட்டின் நடுவே மூச்சை எங்கே வாங்குகிறார், எந்தச் சொல்லுக்குத் தோள் ஏறுகிறது, கிறிக்கி போட்டுச் சுழல்வதற்கு முன் எந்தக் காலில் பாரத்தை மாற்றுகிறார் என்பதெல்லாம் அங்கே தெரியும். வியர்வை திரையில் சொட்டுகிறது. விருத்தத்தின் இரண்டு அடிகளுக்கு இடையில் கர்ணன் உதடு அசையாமல் சொல்கிறார்: “தூக்கு… இன்னும்… கையப் பாக்காத, தாளத்தக் கேளு.”

கை நடுங்குகிறது. முன்வரிசைக் கிழவி ஒருத்தி, “ஏ தம்பி, சாஞ்சிக்கினு போவுது பாரு” என்கிறாள். நிமிர்த்துகிறான். திரை விலகுகிறது. கர்ணன் சுழன்று இறங்க, களரி மண் பறக்கிறது. பையன் துணியைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் ஓடி உட்காருகிறான். கண் மட்டும் இன்னும் களரியில்.

இதே கர்ண மோட்சத்தைத்தான் 1975இல் சென்னையில் புரிசை நடேசத் தம்பிரான் ஆட, எழுத்தாளர் ந. முத்துசாமி பார்த்தார். தமிழ் நாடகத்துக்கு வேர் இங்கே இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கினார். கலைராணி, பசுபதி, குரு சோமசுந்தரம், விதார்த், விமல் என்று அங்கே பயின்று சினிமாவுக்குப் போனவர்கள் பலர். விஜய் சேதுபதி அங்கே சேர்ந்தது நடிகராக அல்ல, கணக்காளராக. கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்கள் பயிற்சி செய்வதைக் கவனித்தவர். ‘தென்மேற்குப் பருவக்காற்று’ 2010இல் வந்தது. நடிகர்கள் புழங்குகிற இடத்தில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருப்பது அப்படியும் நடந்திருக்கிறது. முறையாகப் படிக்க வேண்டும் என்றால் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்து, சிறுவன் டி.கே. சண்முகத்துக்காக ஒரே ராத்திரியில் ‘அபிமன்யு சுந்தரி’ எழுதிக் கொடுத்தவர். 1922இல் புதுச்சேரியில்தான் கண் மூடினார்.

*

ஒரு மணி. பொன்னுருவி வர வேண்டிய நேரம் நெருங்குகிறது. சிவாஜி நடித்த 1964ஆம் வருஷத்துப் படத்தில் கர்ணன் மனைவி சுபாங்கி, கூத்தில் பொன்னுருவி. தேரோட்டி மகனுக்கு வாக்கப்பட்டோமே என்று கர்ணனைக் கிட்ட வரவிடாதவள். போருக்குக் கிளம்புகிற ராத்திரியில் இருவருக்கும் நடக்கும் வாக்குவாதத்துக்காகவே பெண்கள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காட்சிக்குத் தோழி வேண்டும். தோழிக்கு ரெண்டு பாட்டு, கொஞ்சம் வசனம்.

தோழி போடுகிறவர் போன் செய்கிறார். வந்தவாசியில் மாட்டிக்கொண்டார், வண்டி இல்லை.

தாழ்வாரத்தில் ஒரு நிமிஷம் பரபரப்பு. கட்டியங்காரனை இன்னும் கால் மணி நேரம் இழுக்கச் சொல்லிவிட்டு வாத்தியார் எழுந்து வருகிறார். பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து பையனிடம் நிற்கிறது. பையன் எழுந்து நின்றுவிடுகிறான். திண்டிவனத்து மாடி அறையில் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்பார்த்தது ஒரே ராத்திரியில் வந்துவிட்டது. வண்டியில் சொன்ன அம்மையும் குடியும் தப்பிய பஸ்ஸும் இதோ இவனுக்கு வந்தவாசியாக வந்திருக்கிறது.

“ராஜா எங்கன்னு பொன்னுருவி கேப்பா. தோழி இன்னா சொல்லணும்?”

பையன் வாய் திறக்கிறான். ஒன்றும் வரவில்லை.

வாத்தியார் கோபப்படவில்லை. முகவீணைக்காரரின் பேரனை எழுப்பச் சொல்கிறார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. கண்ணைத் திறக்காமலே உட்கார்கிறான். ஒருவர் சவுரி வைக்க, ஒருவர் பாவாடை சுற்ற, பொன்னுருவி அவன் முகத்தில் பொடி பூசுகிறார். பூசிக்கொண்டே தன் வசனத்தைச் சொல்ல, பிள்ளை அரைத்தூக்கத்தில் தோழியின் வசனத்தைத் திருப்பிச் சொல்கிறான். ஓர் எழுத்துப் பிசகவில்லை. ஓர் இடத்தில் பொன்னுருவியே ஒரு வரியைத் தாண்டிவிட, “அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது மாமா” என்கிறான்.

திரை பிடிக்க ஆள் வேண்டும். பையன் போய்ப் பிடிக்கிறான். இந்த முறை துணி சாயவில்லை. பின்னால் தோழி ஒரு தடவை பெரிதாகக் கொட்டாவி விட்டுவிட்டுப் பாட்டை எடுக்கிறது. கூட்டத்தில் கைதட்டல். யாரோ ஐம்பது ரூபாயைப் பிள்ளையின் தோளில் குத்துகிறார்கள்.

அதன்பிறகு பையனிடம் ஒரு மாற்றம். செல்போனை எடுத்துப் படம் பிடிக்காமல், குறிப்பேட்டைத் திறந்து ஏதோ தட்டிக்கொண்டே இருக்கிறான். எட்டிப் பார்த்தேன். யாருக்குப் பின் யார் வருகிறார்கள் என்ற வரிசை. எந்தப் பாட்டில் திரை விலகுகிறது என்பது. கர்ணன் நாற்பது ஐம்பது கிறிக்கி போட்ட இடத்தில் வெறும் ஒரு கேள்விக்குறி.

*

கிழக்கு வெளுக்கும்போது கர்ணன் விழுகிறார். கிருஷ்ணன் கிழவனாக வந்து புண்ணியத்தை யாசிக்கிறான். குந்தி ஓடிவந்து மடியில் எடுக்கிறாள். விடிய விடிய வளைத்து வைத்திருந்த குரல் அந்த ஒப்பாரியில்தான் முழுசாகத் திறக்கிறது. பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்கள். அடுத்த நிமிஷம் மங்களம். பால் கறக்கப் போக வேண்டியவர்கள் பாயைச் சுருட்டுகிறார்கள்.

தாழ்வாரத்தில் தேங்காயெண்ணெயும் பழந்துணியும். கர்ணனின் நெற்றியில் கிரீடக் கயிறு பதிந்த கோடு, கருநீலமாக. பையன் அதைப் பார்க்கிறான்; இப்போது கிரீடத்தை வாங்கித் துணியில் சுற்றும்போது அதன் லேசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கர்ணன் முகத்தில் பாதிச் சிவப்போடு போனை எடுத்து, ஸ்டாண்டுக்காரரிடம் ஒன்பது மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்கிறார்.

பணம் பிரிக்கிறார்கள். ஏஜெண்டு கமிஷன், வண்டி வாடகை கழித்து மிச்சம். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டுகிற கட்டை வேஷத்துக்கு ஒரு பங்கு, பெண் வேஷத்துக்கு ஒரு பங்கு, மேளத்துக்கு ஒரு பங்கு என்று வாத்தியார் எண்ணி வைக்கிறார். தோழிப் பிள்ளைக்குக் கொடுத்ததைத் தாத்தா வாங்கி மடியில் செருகுகிறார். தோளில் குத்திய ஐம்பதைப் பிள்ளை விடவில்லை. கடைசியாகப் பையனுக்கு நீட்டுகிறார்.

“வேணாங்க ஐயா. நான் கத்துக்கத்தான் வந்தேன்.”

“வாங்கு. வாங்காதவன நாளைக்கு வேல ஏவ முடியாது.”

வாங்கிக்கொள்கிறான். கோடம்பாக்கத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் கைக்கு நடிப்புத் தொழிலிலிருந்து முதல்முதலாக வந்த காசு. எவ்வளவு என்று எண்ணவில்லை, மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறான்.

“அர்ச்சுனன் வேசம் போடணும்னு ஆசைப்பட்டுக்கினே பொம்பள வேசம் கட்டுவானே ஒருத்தன், ‘ஜமா’ன்னு படம்” என்று பொன்னுருவி பொட்டை உரித்தபடி பையனிடம் சொல்கிறார். “ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வந்திச்சே, இளையராஜா பாட்டு. பாத்தியா?”

“பாத்தேன். அந்த டைரக்டர்தான் ஹீரோவும்.”

“உனக்கு இன்னா வேசம் ஆசை?”

பையன் கர்ணன் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறான். எல்லாருக்கும் புரிகிறது. கர்ணனுக்கும் புரிந்து, எண்ணெய்த் துணியை அவன்மேல் வீசிவிட்டுச் சிரிக்கிறார்.

அடுத்த ராத்திரி பதினெட்டாம் போர். துரியோதனனும் பீமனும் சாயந்திரம் வந்துவிடுவார்கள். வாத்தியார் பெட்டியைப் பூட்டும் முன் அடியிலிருந்து ஒரு நோட்டை எடுக்கிறார். அட்டை போய், நூல் தளர்ந்து, பக்க ஓரங்களில் எண்ணெய் ஊறிய நீள நோட்டு. உள்ளே நாலைந்து பேரின் கையெழுத்து, நாலைந்து நிற மை. கர்ண மோட்சம் முழுவதும். பையன் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போகிறான்.

“போட்டோ புடிச்சா போனுக்குத்தான் தெரியும். கையால எழுது. மத்தியானம் தூங்கி எழுந்து உக்காரு.”

பையன் நோட்டை வாங்கி, உட்கார்ந்து, மடியில் வைத்துப் புரட்டுகிறான். கர்ணன் பாட்டு எங்கெங்கே வருகிறது என்று விரலால் தேடுகிறான். “கர்ணன் வர்றது மட்டும் மொதல்ல எழுதிக்கட்டுமாங்க ஐயா?”

வாத்தியார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார்.

“தோழிலேருந்து எழுது. அப்புறம் சல்லியன், குந்தி, பொன்னுருவி, எல்லாத்தையும் எழுது. கோமாளி பேசுறது நோட்டுல இருக்காது, அத ராத்திரி கேட்டுக்க. எவன் எந்த ஊர்ல மாட்டிக்குவான்னு எனக்கே தெரியாது.”